“அந்த செஸ்னாவைத் தாண்டிட்டோமா?”: சான் டியாகோ வான்மோதல், 1978

1978 செப்டம்பர் 25, திங்கட்கிழமை. கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரத்தின் மேல் மேகமே இல்லை. பத்து மைல் வரை பார்வை எட்டியது. ரேடார் வேலை செய்தது, ரேடியோ வேலை செய்தது, இரண்டு விமானங்களிலும் கோளாறு எதுவும் கிடையாது. காலை 9 மணி 1 நிமிடம் 47-வது வினாடியில், ஏறத்தாழ 2,600 அடி உயரத்தில், தரையிறங்க வந்துகொண்டிருந்த பிஎஸ்ஏ விமான நிறுவனத்தின் போயிங் 727, மேலேறிக்கொண்டிருந்த ஒற்றை எஞ்ஜின் செஸ்னா 172 மீது பின்னாலிருந்து மோதியது. செஸ்னா வானிலேயே சிதறியது. வலது இறக்கையில் தீப்பிடித்த போயிங், பதினேழு வினாடிகளில் நார்த் பார்க் என்ற குடியிருப்பில் விழுந்தது. போயிங்கில் 135 பேர், செஸ்னாவில் இருவர், வீடுகளில் இருந்தவர்கள் ஏழு பேர், மொத்தம் 144 உயிர்கள். இருபத்திரண்டு வீடுகள் சேதமாயின. அமெரிக்க மண்ணில் அதுவரை நடந்த விமான விபத்துகளில் இதுதான் பெரியது. எட்டே மாதத்தில் சிகாகோவில் ஒரு டிசி-10 விழுந்து அந்தக் கணக்கைத் தாண்டியது.

வான்மோதல் என்றாலே, ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே அப்படி இல்லை. போயிங் விமானிகளிடம் செஸ்னாவைப் பற்றி மூன்று முறை சொல்லியிருந்தார்கள். செஸ்னாவிடம் போயிங்கைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் கட்டுப்பாட்டாளரின் திரையில் உயரத்தோடு தெரிந்தன. கம்ப்யூட்டர் எச்சரிக்கை மணியும் அடித்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தும் நடந்த மோதல் என்பதால்தான் இதைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓடுபாதையின் இரண்டு முனைகள்

லிண்ட்பெர்க் ஃபீல்டு என்று அப்போது அழைக்கப்பட்ட சான் டியாகோ விமான நிலையத்துக்கு ஒரே ஓடுபாதைதான், கிழக்கு மேற்காக. காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வீசும் என்பதால் விமானங்கள் கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும். அந்த முனைக்கு எண் 27. கருவிகளின் துணையோடு இறங்க உதவும் ஐஎல்எஸ் வசதியோ எதிர்முனையில், ஓடுபாதை 9-இல் இருந்தது. ஆக, கருவி வழிப் பறத்தலைக் கற்றுக்கொள்பவர், இறங்கும் விமானங்களின் ஓட்டத்துக்கு எதிராக மேற்கிலிருந்து வந்து, ஓடுபாதையைத் தொடாமல் மேலேறி, வடகிழக்காக விலகிப் போக வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் இதை அனுமதித்தார்கள்.

செஸ்னா 8:16 மணிக்கு, வடக்கே சில மைல் தள்ளியிருந்த மான்ட்கோமரி ஃபீல்டு என்ற சிறிய நிலையத்திலிருந்து கிளம்பியது. உள்ளே இருந்த இருவரில் ஒருவர் பயிற்றுநர், மற்றவர் கருவி வழிப் பறத்தலில் தகுதி பெறப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த விமானி. இரண்டு முறை ஐஎல்எஸ் வழியே இறங்கிப் பழகிவிட்டு, 8:57 வாக்கில் இரண்டாவதை முடித்து வடகிழக்காக ஏறத் தொடங்கினார்கள்.

பிஎஸ்ஏ 182 சாக்ரமெண்டோவில் தொடங்கி லாஸ் ஏஞ்சலிஸில் நின்று வந்த உள்ளூர் சேவை. பயணிகளில் பலர் அதே நிறுவனத்தின் ஊழியர்கள். ஓட்டியவர் துணை விமானி, ரேடியோவைக் கவனித்தவர் கேப்டன். பின்னால் விமானப் பொறியாளர், கூடுதல் இருக்கையில் பணியில் இல்லாத இன்னொரு பிஎஸ்ஏ கேப்டன். வடமேற்கிலிருந்து வந்த இந்த விமானம் ஓடுபாதைக்கு வடக்கே, அதற்கு இணையாகக் கிழக்கு நோக்கிப் பறந்து, பிறகு வலப்புறம் திரும்பி 27-இல் இறங்க வேண்டும். ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் இந்தப் பகுதியை விமானிகள் டவுன்விண்ட் என்பார்கள். வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் போதும்: செஸ்னா ஏறுகிற இடமும் போயிங் இறங்குகிற இடமும் ஒன்றேதான்.

இரண்டு நிமிட உரையாடல்

அந்தப் பகுதியின் ரேடார் கட்டுப்பாடு மிராமார் கடற்படை விமானத் தளத்தில் இருந்தது. விமானங்களை ஓடுபாதை அருகே கொண்டுவந்து சேர்ப்பவர் அங்கிருக்கும் அப்ரோச் கட்டுப்பாட்டாளர். கடைசிக் கட்டத்தில் விமானம் லிண்ட்பெர்க் டவருக்கு மாறும். அலைவரிசை வேறு, ஆட்கள் வேறு, கட்டடமும் வேறு.

8:59:30 வாக்கில் அப்ரோச் முதல் எச்சரிக்கையைக் கொடுக்கிறது: நேர் எதிரே ஒரு மைலில், வடக்கு நோக்கிப் போகும் ஒரு விமானம். தேடுகிறோம் என்கிறார்கள். சில வினாடிகளிலேயே அடுத்தது: நேர் எதிரே மூன்று மைலில், நிலையத்துக்குச் சற்று வடக்கே, வடகிழக்காகப் போகும் செஸ்னா 172, 1,400 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. “எதிரே இருக்கற அந்த இன்னொண்ணும் தெரியுது” என்று துணை விமானி பதில் சொல்கிறார்.

எதிரே இருந்தவை இரண்டு. ஒன்பதே வினாடிகளுக்குள் இரண்டையும் பற்றிச் சொல்லியாகிவிட்டது. இதில் “இன்னொண்ணு” எது? கேட்டவர் தாம் சொன்னதைத்தான் நினைத்துக்கொள்வார், சொன்னவர் தாம் பார்த்ததைத்தான்.

9:00:15-க்கு அப்ரோச் திரும்பவும் சொல்கிறது: எதிரே மூன்று மைல், 1,700 அடியைத் தாண்டுகிறது. “தெரியுது” என்கிறார் துணை விமானி. கேப்டன் ரேடியோவில், “டிராஃபிக் தெரிகிறது.” உடனே மறுமொழி: “சரி சார், கண்ணால் பார்த்து இடைவெளியைக் காத்துக்கொள்ளுங்கள், லிண்ட்பெர்க் டவரைத் தொடர்புகொள்ளுங்கள்.”

வழக்கு முழுவதும் இந்தப் பரிமாற்றத்தில் இருக்கிறது. இந்த நொடி வரை இரண்டு விமானங்களையும் விலக்கி வைப்பது ரேடார் முன் அமர்ந்திருந்தவரின் வேலை. இதற்குப் பிறகு அது கேப்டனின் வேலை. விசுவல் செபரேஷன் என்று இதற்குப் பெயர். விதி என்ன சொல்கிறதென்றால், விமானி மற்ற விமானத்தைப் பார்வையில் வைத்துக்கொண்டே விலகிப் போக வேண்டும், பார்வையிலிருந்து தவறினால் உடனே சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

9:00:31. அப்ரோச் இப்போது செஸ்னாவிடம் பேசுகிறது. உங்கள் பின்னால் இரண்டு மைலில் கிழக்கு நோக்கி வரும் பிஎஸ்ஏ ஜெட், 3,200 அடியைத் தாண்டி இறங்குகிறது, உங்களைப் பார்த்துவிட்டது. செஸ்னா ஏற்றுக்கொள்கிறது. பின்னால் வருகிறவர் பார்த்துவிட்டார் என்று அதிகாரபூர்வமாகவே சொன்ன பிறகு, முன்னால் போகிறவர் ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறார்? பார்த்தாலும் தெரிந்திருக்காது. செஸ்னா 172-இல் இறக்கை கூரையோடு சேர்ந்து மேலே இருக்கும். பின்பக்கமாக மேலே இருந்து இறங்கி வருவதை அது மறைத்துவிடும்.

போயிங் இப்போது டவரோடு பேசுகிறது. செஸ்னா அப்ரோச்சோடு இருக்கிறது. இனி ஒருவர் சந்தேகப்படுவது மற்றவர் காதில் விழாது.

9:00:38, டவர்: “எதிரே ஒரு மைல், செஸ்னா.”

கேப்டன் துணை விமானியிடம்: “நாம பாத்தது அதுதானா?”

“ஆமா, ஆனா இப்ப தெரியல.”

கேப்டன் ரேடியோவில் டவரிடம்: “கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி அங்கே இருந்தது.” ஆறு வினாடி கழித்து: “எங்கள் வலது பக்கமாகக் கடந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன்.” டவர் “ஆமாம்” என்றது. கடந்து போயிற்று என்று கேப்டன் சொன்னதைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது என்று தாம் கேட்டதாக டவர் கட்டுப்பாட்டாளர் பின்னால் விசாரணையில் சொன்னார். கடந்து போய்க்கொண்டிருக்கிறது என்றால் கண்ணுக்குத் தெரிகிறது என்றாகிறது. கடந்து போயிருக்கும் என்றால் தெரியவில்லை, ஊகிக்கிறேன் என்றாகிறது.

கேப்டனை நோக்கி விரலை நீட்டுவது எளிது. அவர் எதையும் மறைக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பார்வையில் இல்லை என்பதைத்தான் அவர் சொன்னார். அதைக் கேட்கிறவர் நடவடிக்கை எடுக்க வேண்டிய சொற்களில் சொல்லாமல், பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுவது போலச் சொன்னார். டவரோ அடுத்த வேலைக்குப் போய்விட்டது: டவுன்விண்டில் எவ்வளவு தூரம் போவீர்கள், உங்கள் கம்பெனி விமானம் ஒன்று கிளம்பக் காத்திருக்கிறது. மூன்று நான்கு மைல் என்கிறார் கேப்டன். 9:01:07, இறங்க அனுமதி.

நான்கு வினாடிகளில் துணை விமானிக்கு மனம் உறுத்துகிறது.

“அந்த செஸ்னாவைத் தாண்டிட்டோமா?”

“தாண்டியிருக்கணும்” என்கிறார் பொறியாளர்.

“அப்படித்தான் நெனைக்கிறேன்” என்கிறார் கேப்டன். பின்னிருக்கையிலிருந்து சிரிப்போடு இன்னொரு குரல்: “தாண்டியிருந்தா சரி.”

பத்து வினாடி கழித்துக் கேப்டன் தமக்குத் தாமே முடிவு சொல்லிக்கொள்கிறார்: டவுன்விண்டுக்குத் திரும்பும் முன் அதைச் சற்று வலதுபுறம் பார்த்தேன், இப்போது நமக்குப் பின்னால் இருக்கும். சக்கரங்களை இறக்குகிறார்கள். 9:01:38-இல் துணை விமானி, “கீழே ஒண்ணு இருக்கு.” அடுத்த நொடி, “நான் அங்க உள்ளே வந்துட்டிருந்ததைப் பாத்துட்டிருந்தேன்.” எட்டு வினாடிகளில் மோதல்.

காக்பிட்டில் நான்கு தொழில்முறை விமானிகள் இருந்தார்கள். தாண்டிவிட்டோமா என்ற கேள்விக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. டவரிடம் கேள் என்றும் சொல்லவில்லை.

ஏன் தெரியவில்லை?

மோதப்போகும் இரண்டு விமானங்களுக்கு ஒரு கொடுமையான வடிவகணிதம் உண்டு. இரண்டும் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போனால், ஒன்றின் கண்ணாடியில் மற்றொன்று ஒரே இடத்தில் நிற்கும். இடமாகவோ வலமாகவோ நகராது, மெல்லப் பெரிதாக மட்டுமே ஆகும். அந்தப் பெரிதாகுதலும் கடைசிச் சில வினாடிகளில்தான் உறைக்கும். நம் கண்ணின் ஓரப்பார்வை அசைவைப் பிடிக்கப் பழகியது. சுவரில் அசையாமல் ஒட்டியிருக்கும் பல்லியை விட்டுவிட்டு, ஓடுகிற பல்லியை மட்டும் சட்டென்று பார்க்கிறோம் அல்லவா? கண்ணாடியில் நகர்ந்து போகிற விமானம் நம்மை மோதாது. மோதப்போவது அசையாமல் நிற்கும்.

சான் டியாகோவில் அது இன்னும் மோசம். விபத்தை விசாரித்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் பார்வைக்கோண ஆய்வின்படி, மோதலுக்கு 170 வினாடி முன்னிருந்து 90 வினாடி வரை செஸ்னா கேப்டனின் கண்ணாடியில் ஏறத்தாழ நடுவில் இருந்திருக்கும். “டிராஃபிக் தெரிகிறது” என்று அவர் சொன்னது அந்த நேரம் முடிந்த சில வினாடிகளில். 90 வினாடிக்குப் பிறகு செஸ்னா கண்ணாடியின் அடிப்பகுதிக்கு, வைப்பர்களுக்குச் சற்று மேலே இறங்கிவிட்டது. இருக்கையில் சாய்ந்து அமர்ந்திருப்பவர் கொஞ்சம் முன்னால் குனிந்தால்தான் தெரியும். அதன் பின்னணியோ வெறும் வானம் அல்ல. காலை வெயிலில் பல நிறக் கூரைகள் மின்னும் ஒரு நகரம். பின்னாலிருந்து பார்க்கையில் சிறிய விமானத்தின் நீளமும் சுருங்கித் தெரியும். இரண்டும் கிழக்கு நோக்கியே போனதால் அசைவும் குறைவு.

இன்னொன்றும் நடந்தது. திசை 070-இல் போ, 3,500 அடிக்கு மேல் ஏறாதே என்று செஸ்னாவிடம் சொல்லியிருந்தார்கள். அது கொஞ்ச நேரத்தில் 090-க்கு, அதாவது நேர் கிழக்குக்குத் திரும்பிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. காரணம் கடைசிவரை விளங்கவில்லை. 070-லேயே போயிருந்தால் போயிங்கின் பாதையிலிருந்து விலகிப் போயிருக்கும். திரும்பியதால் போயிங்கின் மூக்கின் கீழே, அதே திசையில் போய்க்கொண்டிருந்தது.

அதே நேரத்தில் விமானிகளின் கைகளில் என்னென்ன இருந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாப் இறக்க வேண்டும், சரிபார்ப்புப் பட்டியலைப் படிக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், ஓடுபாதை எங்கே என்று வலப்புறம் பார்க்க வேண்டும், டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். விமானங்கள் அதிகம் நெருங்கும் இடமும் விமானிகளுக்கு வேலை அதிகம் குவியும் இடமும் நிலையத்தைச் சுற்றிய இந்தச் சில மைல்கள்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பின்படி, ஒரு பொருளைக் கண்ணில் பிடித்து, அது விமானம் என்று உணர்ந்து, மோதப்போகிறோம் என்று புரிந்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்க ஏறத்தாழ 12.5 வினாடி ஆகும். கீழே ஒன்று இருக்கிறது என்று சொன்னதிலிருந்து மோதல் வரை ஒன்பது வினாடி. அவர் அப்போது பார்த்தது அதே செஸ்னாவைத்தான் என்று வைத்துக்கொண்டாலும் நேரம் போதாது.

பத்தொன்பது வினாடி

9:01:28. மிராமாரில் கம்ப்யூட்டர் இரண்டு பாதைகளையும் கணக்கிட்டு மோதல் எச்சரிக்கை கொடுத்தது. இன்னும் 19 வினாடி இருந்தது. அங்கிருந்தவர்கள் அதைக் கவனித்தார்கள், பேசிக்கொண்டார்கள், எதுவும் செய்யவில்லை. செய்யாததற்குக் காரணம் அலட்சியம் என்று எழுதினால் உண்மைக்குப் புறம்பாகிவிடும். விசுவல் செபரேஷனில் விமானங்கள் ரேடார் இடைவெளியைவிட நெருங்கித்தான் போகும். அதற்காகத்தானே அந்த முறையே. நெருங்கினால் மணி அடிக்கும். பார்த்துவிட்டேன் என்று ஜெட் சொல்லியாகிவிட்டது, ஆகவே இந்த மணிக்கு அர்த்தமில்லை என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஜெட் சொல்லி ஒரு நிமிடத்துக்கு மேலாகிவிட்டது, நடுவில் அதன் பார்வை தவறிவிட்டது என்பது மிராமாருக்குத் தெரியாது. அது டவரிடம் மட்டும், அதுவும் பாதியாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

மோதிய அதே வினாடியில் அப்ரோச் செஸ்னாவை அழைத்து, உங்கள் அருகில் ஒரு பிஎஸ்ஏ ஜெட் இருக்கிறது, அது உங்களைப் பார்த்துவிட்டது, லிண்ட்பெர்க்கில் இறங்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தீர்ப்பும் மறுப்பும்

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விபத்துக்கான காரணமாகச் சொன்னது இது: கண்ணால் பார்த்து இடைவெளி காக்கும் அனுமதியின் விதிகளைப் போயிங் விமானிகள் பின்பற்றவில்லை, செஸ்னா பார்வையில் இல்லை என்றான பிறகு அதைத் தெரிவிக்கவில்லை. துணைக் காரணமாக நடைமுறையைச் சேர்த்தது: ரேடார் வழியே பக்கவாட்டிலோ உயரத்திலோ இடைவெளி கொடுக்கும் வசதி கையில் இருந்தும், மோதக்கூடிய பாதைகளில் போகும் விமானங்களை விமானியின் கண்ணிடம் ஒப்படைக்கக் கட்டுப்பாட்டாளர்களுக்கு அனுமதி இருந்தது.

வாரிய உறுப்பினர் ஃபிரான்சிஸ் மெக்ஆடம்ஸ் இதை ஏற்காமல் மறுப்புரை எழுதினார். நடைமுறையின் குறையைத் துணைக் காரணம் என்று ஒதுக்கக் கூடாது, விமானிகளின் தவறுக்குச் சமமான காரணமாக வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். மான்ட்கோமரி ஃபீல்டின் பகுதியைத் தாண்டும் வரை ஜெட்டை 4,000 அடியில் வைத்திருக்க வேண்டும் என்ற உள்ளூர் நடைமுறை அன்று பின்பற்றப்படவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

என் வாக்கு மெக்ஆடம்ஸுக்கே. போயிங் 4,000 அடியில் இருந்து, செஸ்னா 3,500-க்கு மேல் ஏறாமல் இருந்திருந்தால், யார் யாரைப் பார்த்தார்கள் என்ற கேள்வியே எழாது. அந்த எண்களைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும், கட்டுப்பாட்டாளரிடம் அது இருந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு, சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவரைப் பிடித்தது. ஆனால் கண்ணால் முடியாத வேலையைக் கண்ணிடம் கொடுத்துவிட்டு, முடியவில்லை என்று அது சொல்லவில்லை என்பதைக் குற்றமாக்குவது எந்த வகை ஆய்வு?

கருவி வந்தது

விபத்துக்குப் பிறகு சான் டியாகோவைச் சுற்றி, அனுமதியின்றி யாரும் நுழைய முடியாத கட்டுப்பாட்டு வான்பகுதியை வகுத்தார்கள். அப்படி ஒரு பகுதி இருந்தால் மட்டும் போதாது என்பதை 1986 ஆகஸ்ட் 31 காட்டியது. லாஸ் ஏஞ்சலிஸில் இறங்க வந்த ஏரோமெக்ஸிகோ டிசி-9 மீது, அனுமதியில்லாமல் உள்ளே வந்துவிட்ட ஒரு சிறிய பைப்பர் விமானம் மோதியது. செரிட்டோஸ் என்ற ஊரின் வீடுகள் மேல் டிசி-9 விழுந்தது, 82 பேர் இறந்தார்கள். ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர், பைப்பரில் உயரத்தைச் சொல்லாத வகை. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. முப்பதுக்கு மேல் இருக்கைகள் கொண்ட பயணிகள் விமானங்களில் 1993 முடிவுக்குள் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி வந்தது.

டிகாஸ் தரையை நம்புவதில்லை. அருகிலுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை நேரடியாகக் கேட்டு, தூரத்தையும் உயரத்தையும் வாங்கி, மோதல் வருமென்றால் முதலில் “டிராஃபிக், டிராஃபிக்” என்று எச்சரிக்கும், பிறகு ஏறு அல்லது இறங்கு என்று கட்டளையிடும். இரண்டு விமானங்களிலும் அது இருந்தால் ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் தமக்குள் பேசி முடிவுசெய்யும். சான் டியாகோவின் செஸ்னா தன் உயரத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. 1,400, 1,700 என்று கட்டுப்பாட்டாளர் வாசித்த எண்கள் அங்கிருந்து வந்தவை. 2,600 அடியில் அந்தப் போயிங்கில் டிகாஸ் இருந்திருந்தால் கட்டளை கிடைத்திருக்கும்.

இந்தியா அந்தப் பாடத்தைப் படிக்க இன்னும் பெரிய விலை கொடுத்தது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் ஐஎல்-76, தனக்குச் சொன்ன 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கி, 14,000 அடியில் எதிரே வந்துகொண்டிருந்த சவூதியா 747 மீது ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதியது. 349 பேர் இறந்தார்கள். அந்த வழக்கின் தன்மை வேறு, அங்கே உயரம் மீறப்பட்டது. டெல்லி ரேடாரில் புள்ளிகள் தெரிந்தன, உயரம் தெரியாது. வருகிறவற்றுக்கும் போகிறவற்றுக்கும் ஒரே தடம். அதன் பிறகுதான் தடங்கள் பிரிந்தன, மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது.

கருவி எட்டாத கடைசி ஆயிரம் அடி

ஏறத்தாழ 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் கட்டளை தராது. தரைக்கு அருகில் இறங்கு என்று சொல்ல முடியாது, ஓடுபாதை அருகே நிற்கும் விமானங்களெல்லாம் வீண் எச்சரிக்கை எழுப்பும். தடுத்து வைத்ததில் தவறில்லை. ஆனால் தரையிறங்கலின் கடைசிப் பகுதியில் பாதுகாப்பு மீண்டும் தரைக்கட்டுப்பாட்டிடமும் கண்ணிடமும் வந்துவிடுகிறது.

கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு பொருளாதாரமும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் இரண்டு இணை ஓடுபாதைகளுக்கு நடுவே 750 அடிதான். வானம் தெளிவாக இருந்தால் பக்கத்து விமானத்தைப் பார்த்துக்கொண்டே ஜோடியாக இறங்கிவந்தார்கள். மூடுபனி வந்தால் வரிசையாகத்தான் இறக்க முடிந்தது, மணிக்கு இறங்கும் எண்ணிக்கை பாதி அளவுக்குச் சரிந்தது. 2023 அக்டோபரில் ஒரு லுஃப்தான்சா ஏ350 இரவில் அங்கே வந்தது. இரவில் விசுவல் செபரேஷனை ஏற்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் விதி, அதனால் விமானிகள் கருவி வழி இறங்கக் கேட்டார்கள். காக்க வைத்தார்கள், காக்க வைத்தார்கள், கடைசியில் விமானம் ஓக்லாந்துக்குத் திரும்பிப் போனது. பார்க்கிறேன் என்று சொல்ல மறுத்தவருக்கு இடம் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டாளர் பக்கமும் நெருக்கடி இருந்தது என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்த ஏற்பாடு விமானியை எந்தப் பதிலை நோக்கித் தள்ளுகிறது என்பது தெளிவாகவே தெரிகிறது.

2025 ஜனவரி 29, வாஷிங்டன். விசிட்டாவிலிருந்து 64 பேருடன் வந்த சிஆர்ஜே700 ஜெட் ரீகன் நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 1-இல் இறங்க வந்துகொண்டிருந்தது. 33-இல் இறங்க முடியுமா என்று டவர் கேட்க, விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். பொடோமேக் ஆற்றை ஒட்டிய ஹெலிகாப்டர் தடத்தில் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று மூன்று பேருடன், இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடிகள் அணிந்த பயிற்சிப் பறத்தலில் இருந்தது. ஜெட் சுற்றிவந்து 33-இல் இறங்குகிறது என்று டவர் சொன்னது. சுற்றிவருவதைக் குறிக்கும் சொல் ஹெலிகாப்டரின் ஒலிப்பதிவில் இல்லை. டிராஃபிக் தெரிகிறது, விசுவல் செபரேஷன் வேண்டும் என்றது ஹெலிகாப்டர். அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ இருபது வினாடி மீதமிருக்கையில் டவர் மீண்டும் கேட்டது, ஜெட்டின் பின்னால் போ என்றும் சொன்னது. அதே நொடியில் ஹெலிகாப்டரின் மைக் பொத்தான் அழுந்தியிருந்ததால் அந்த வாக்கியத்தின் ஒரு பகுதி உள்ளே போகவில்லை. தெரிகிறது என்று மறுபடியும் பதில். டவர் ஒலிப்பதிவின் பின்னணியில் மோதல் எச்சரிக்கை மணி கேட்கிறது. ஜெட்டில் டிகாஸ் “டிராஃபிக், டிராஃபிக்” என்றது. கட்டளை தரும் உயரத்துக்குக் கீழே ஏற்கெனவே வந்துவிட்டார்கள். 278 அடி உயரத்தில் மோதல், 67 பேரும் இறந்தார்கள். ஓடுபாதை 1-ஐ நோக்கி வேறு விமானங்களின் விளக்குகளும் அந்த இரவில் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

ஹெலிகாப்டர் அந்தத் தடத்துக்கான 200 அடி உச்சவரம்பைத் தாண்டியிருந்தது. தாண்டாமல் இருந்திருந்தாலும்? தடத்தின் உச்சத்துக்கும் 33-க்கு இறங்கும் பாதைக்கும் இடையே, நெருக்கமான இடத்தில், 75 அடிதான் என்று வாரியம் 2025 மார்ச்சில் வெளியிட்டது. ஹெலிகாப்டரின் உயரமானியில் வரக்கூடிய சாதாரணப் பிழையே அதை விழுங்கிவிடும். அதே வகை ஹெலிகாப்டர்களில் பின்னர் செய்த சோதனைகளில் 80 முதல் 130 அடி வரை வேறுபாடு வந்தது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தருகே பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்குள்ளும் உயரத்தில் 400 அடிக்குள்ளும் நெருங்கியவை 15,214 முறை. அவற்றில் 85 முறை இடைவெளி 1,500 அடி, 200 அடி என்ற அளவையும்விடக் குறைவு. எண்ணிப் பார்க்க எஃப்ஏஏயிடம் தரவு இருந்தது.

அதே மார்ச்சில், ஹெயின்ஸ் பாயிண்டுக்கும் வில்சன் பாலத்துக்கும் நடுவே அந்தத் தடத்தை எஃப்ஏஏ நிரந்தரமாக மூடியது. அத்தியாவசியப் பணிக்காக ஹெலிகாப்டர் நுழைந்தால் 33-உம் அதன் எதிர்முனையும் மூடப்படும் என்றது. ரீகன் அருகே விசுவல் செபரேஷனை ஒருசில கடலோரக் காவல், மரைன், பூங்காக் காவல் ஹெலிகாப்டர்களுக்கு மட்டும், அதுவும் தடைசெய்த பகுதிக்கு வெளியே என்று சுருக்கியது. சான் டியாகோவில் 4,000 அடியில் இரு என்று சொல்லத் தவறி நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, ரேடியோவில் பதிலுக்குக் காத்திராமல் வரைபடத்திலேயே இடைவெளியைப் போட்டுவிட்ட முடிவு இது. ஒரு நிலையத்துக்கு மட்டும்.